மேடம் வீட்டு சார்

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. தென்றலை நான்காம் வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். சீருடைப் பாவாடையை நேற்றே மடித்துத் தைத்திருந்தேன். இடுப்பில் இன்னும் தளர்ச்சி, ஊக்கு குத்தி அனுப்பினேன். தமயந்தியும் வங்கிக்குப் போய்விட்டாள். முதல் முறையாகக் கிளை மேலாளர் நாற்காலி. அதற்காகத்தான் மதுரையை விட்டுக் கரூருக்கு வந்திருக்கிறோம்.

மதுரையில் என்றால் இந்நேரம் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டுப் பேசுவார்கள். இங்கே யாரையும் தெரியாது. பகலில் பேச ஆளில்லாததால் எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவன் நான். தென்றலுக்கு மூன்று வயதானபோது வேலையை விட்டேன். இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம். "வீட்டை நடத்தறது ஒரு முழு ஆள் வேலைங்க. அதை யார் செஞ்சா என்ன? யாராவது கேட்டா என் புருஷன் வீட்டைப் பாத்துக்கறார்னு நானே சொல்லுவேன்" என்றாள் தமயந்தி. அப்படிச் சொல்லும் பெண் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

புளி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜூன் 14, சனி

மூவரும் பசுபதீசுவரர் கோவிலுக்குப் போனோம். மதுரைக் கிளையில் தமயந்தியை வழியனுப்பியபோது கொடுத்த பட்டுக்கரை வேட்டியையும் துண்டையும் முதல் முறையாக உடுத்தினேன். நல்ல நெசவு. "மாறிப் போறது நீ, மரியாதை எனக்கு. உங்க ஆபீஸ்காரங்க நல்ல மனுஷங்க" என்றேன். அவள் தென்றலுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது.

பிரகாரத்தில் சுற்றும்போது அருப்புக்கோட்டையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "என்னடா சிவநேசா, வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றார். போகிறது என்றேன். கோவிலுக்குள் டவர் சரியில்லை, வைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

துணி துவைக்கும் நாள். தமயந்தியின் துணிகளைப் பின்னறையில் கொடி கட்டி உலர்த்தினேன். மொட்டைமாடியில் வெயில் அதிகம், சாயம் போய்விடும். என் சட்டைகளை மட்டும் மேலே கொண்டுபோனேன்.

மாடியில் வீட்டுக்காரம்மா வடகம் பிழிந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்த வாளியைப் பார்த்துப் பதறிவிட்டார். "நீங்க எதுக்குங்க இதெல்லாம் தூக்கிக்கிட்டு? நல்லா ரெஸ்ட் எடுங்க. பாவம், மேடம் ஒத்தக் கையில எல்லாத்தையும் தாங்குறாங்க" என்றார். இந்த ஊர் மரியாதையே தனி.

ஜூலை 2, புதன்

தென்றலுக்குப் புது ஊர் வந்ததிலிருந்து பொறுப்பு வந்துவிட்டது. பள்ளியிலிருந்து வரும்போது காய்கறிப் பையை என்னிடமிருந்து பிடுங்கித் தானே சுமந்தாள். சுரைக்காய் வேறு இருந்தது; ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். படியேறும்போது, "மெதுவா வாப்பா. நின்னு நின்னு வா" என்றாள். ஞாயிறு மதியம் நான் கண்ணயர்ந்திருந்தபோதும் என் மார்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடா என்றால், "ஒண்ணுமில்ல" என்று ஓடிவிட்டாள்.

பெண் குழந்தை என்றால் இதுதான் என்று தமயந்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் ஆட்டுக்கறி வாங்கி வந்து குக்கரில் வைத்துவிட்டு, இஞ்சி பூண்டு தட்டிக்கொண்டிருந்தேன். தமயந்தி தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவளுடைய கிளையில் துணை மேலாளராக இருக்கும் தங்கவேலும், காசாளர் பூங்கொடி என்ற பெண்ணும் நின்றிருந்தார்கள். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு குலை இளநீர்.

"சார்! நீங்க எந்திரிச்சு வரலாமுங்களா? உக்காருங்க, உக்காருங்க" என்று தங்கவேல் என் முழங்கையைப் பிடித்துச் சோபாவுக்கு நடத்திக்கொண்டு போனார்.

"எனக்கென்ன..." என்று ஆரம்பித்தேன்.

குளியலறைக் கதவு திறந்தது. தமயந்தி தலையில் துண்டோடு வந்தாள். அவர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கண்கள் கெஞ்சின.

"இன்னைக்குக் கொஞ்சம் தேவலை" என்றாள் அவர்களிடம். "படுக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

பூங்கொடி உள்ளே போய்த் தலையணை எடுத்து வந்தாள். "சாயுங்க சார். இருதயத்துல வால்வுங்களாமா? எங்க மாமாவுக்கும் அதேதானுங்க. மனசைத் தளர விடக்கூடாது."

நான் சாய்ந்தேன். கை முழுக்கப் பூண்டு வாசம். கையைத் தோள்துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். "ஆமாம்மா" என்று கூடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஆம்பளைக்கு உடம்பு முடியாமப் போயிட்டா மனசு எப்படி இருக்கும்னு எங்களுக்கும் தெரியுமுங்க" என்றார் தங்கவேல். "நீங்க தெகிரியமா இருங்க. மேடம் ஒரு ஆம்பளையாட்டம் குடும்பத்தைத் தாங்குறாங்க. எங்க ஆபீஸ்ல அவங்கள எல்லாரும் கையெடுத்துக் கும்புடறமுங்க."

உள்ளே குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. எனக்கு எழ வேண்டும் போலிருந்தது. எழ முடியாது, நான் நோயாளி. தமயந்தி எழுந்து போனாள். அடுப்பை அணைப்பதற்குப் பதில் எதையோ திருகியிருக்கிறாள். சற்று நேரத்தில் தீய்ந்த வாடை கூடம் வரை வந்தது.

"மேடம் பாவம், ஆபீஸ் டென்சன்லயே இருக்காங்க" என்றாள் பூங்கொடி.

தென்றல் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

மாலையில் தென்றல் கீழ்வீட்டுக்கு விளையாடப் போனதும் கேட்டேன்.

"எப்பலேருந்து எனக்கு இருதய நோய்?"

"சேர்ந்த அன்னைக்கே. சார் என்ன பண்றாருன்னு கேட்டாங்க. வாயில வந்துருச்சு."

"வாயில வர்றதுக்கு இதுதான் கிடைச்சுதா? யார் கேட்டாலும் நானே சொல்லுவேன்னு சொன்னது யாரு?"

"சொன்னேனே! மதுரையில தலை நிமிர்ந்து சொன்னேனே! என்ன கிடைச்சுதுன்னு தெரியுமா உங்களுக்கு?" அவள் குரல் உடைந்தது. "லேட்டா வந்த ஒரு கிளார்க்கை ஏன்னு கேட்டா, 'வீட்ல அதட்டிப் பழகிட்டீங்க மேடம், இங்கயும் அதே வருது'ங்கறான். நாலு பேர் சிரிக்கறாங்க. அந்த வேட்டி... அது உங்களுக்குன்னு குடுத்ததுன்னா நினைச்சீங்க? எல்லார் முன்னாடியும் என் தோள்ல போட்டாங்க. 'வீட்டுக்கு ஆம்பள நீங்கதானே மேடம், கட்டிக்கங்க'ன்னாங்க. ஒரே கைதட்டல். நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன்."

அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் கோவிலைச் சுற்றி வந்ததை அவள் பக்கத்தில் நடந்தபடியே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

பிறகு அவளே சொன்னாள். "இங்க புருஷனுக்கு உடம்பு முடியலைன்னு சொன்னதும் வாட்ச்மேன்லேருந்து எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. அதே புருஷன் நல்லா இருந்துக்கிட்டு வீட்ல சோறு பொங்கறார்னு சொன்னா எனக்கும் மதிப்பில்ல, உங்களுக்கும் மதிப்பில்ல. படுத்துக் கிடந்தாலும் ஆம்பள ஆம்பளதான். கரண்டி பிடிச்சா..." நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு. கரண்டி பிடிச்சா?"

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "உங்க அண்ணன்கிட்ட நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க? கரூர்ல ஏதோ காலேஜ்ல சேர்ந்திருக்கேன்னுதானே?" என்றாள்.

அது வேறு. அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அவரிடம் எதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதையும் அதையும் ஒன்றாக்குவது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

தென்றலுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "அவளுக்கு உண்மை தெரியும். யாராவது கேட்டா இப்படிச் சொல்லுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள். பக்குவமாகத் தானே சரிசெய்துவிடுவதாகச் சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

குக்கரைத் தேய்த்தேன். அடிக்கரி போகவில்லை.

ஜூலை 24, வியாழன்

பள்ளியில் விளையாட்டு விழாவாம். அம்மாக்களுக்குக் கோலப்போட்டி, அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம். கோலப்போட்டிக்கு என் பெயரைக் கொடுக்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். எங்கள் வீட்டு வாசலில் தினமும் கோலம் போடுவது நான்தான். தமயந்திக்குப் புள்ளி நேராக வராது. அந்த அம்மா சிரித்துவிட்டார். "அது அம்மாங்களுக்கு சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஓட்டத்துக்குத் தென்றல் உங்க பேரு வேண்டாம்னு சொல்லிட்டாளே. தெரியுமுங்க சார், நீங்க கவலைப்படாதீங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆக, பள்ளி வரை போயிருக்கிறது என் நோய்.

ஆகஸ்ட் 2, சனி

விளையாட்டு விழா. தங்கவேலின் மகனும் அதே பள்ளியில் படிக்கிறான் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. பூங்கொடியும் அக்காள் மகளைப் பார்க்க வந்திருந்தாள். என்னைப் பந்தலுக்குள் மின்விசிறிக்கு அருகே உட்கார வைத்தார்கள். தமயந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறினாள். எனக்கு வியர்க்கவே இல்லை. கையை எடு என்றேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள். பார்ப்பதற்காகத்தானே விசிறுகிறாய் என்றேன். எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

அப்பாக்களை மைதானத்துக்கு அழைத்தார்கள். தொந்தியும் தோல் செருப்புமாக ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டு கோட்டில் போய் நின்றார்கள். "நீங்க இங்கயே நிழல்ல இருங்க சார், நான் உங்களுக்கும் சேத்து ஓடிட்டு வர்றனுங்க" என்று தங்கவேல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன். தமயந்தி என் சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். விசில் அடித்ததும் ஓடினேன். கல்லூரி நாளுக்குப் பிறகு அப்படி ஓடியதில்லை. காலுக்குக் கீழே மண் சுட்டது. முதலில் தங்கவேல் பின்தங்கினார், அப்புறம் மற்றவர்களும். எனக்கு முன்னால் யாருமே இல்லை. இந்த ஊருக்கு வந்தபிறகு அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நானாக இருந்தேன்.

அப்போது அந்தக் கத்தல் கேட்டது.

"அப்பா ஓடாத! அப்பா! யாராச்சும் எங்கப்பாவைப் பிடிங்க! செத்துப் போயிருவாரு!"

தென்றல் கயிற்றுக்குக் கீழே புகுந்து மைதானத்துக்குள் ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீரும் சளியுமாக என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் நின்றுவிட்டேன். அவள் உடம்பு முழுக்க உதறியது. என் சட்டைப் பொத்தானைப் பிய்த்து மார்பில் கை வைத்தாள். ஓடிய இருதயம் வேகமாகத்தானே அடிக்கும்? அது அவளை இன்னும் பயமுறுத்தியது. "வேகமா அடிக்குது, வேகமா அடிக்குது" என்று அலறினாள்.

இந்தக் குழந்தைக்கு உண்மை தெரியுமாம்.

எல்லோரும் கூடிவிட்டார்கள். தண்ணீர், சோடா, நாற்காலி. நான் தமயந்தியைப் பார்த்தேன். குழந்தை இப்படிக் கதறும்போதாவது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும். அவள் தென்றலை இழுத்து அணைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கவே மாட்டேங்கறார்."

என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு நாட்களாகத் தென்றல் என்னைவிட்டு நகரவில்லை. நோயே இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், "நீ அப்படித்தான் சொல்லுவன்னு அம்மா முன்னாடியே சொன்னாங்க" என்கிறாள். அப்பாவிடம் கேட்டால் அப்பா வருத்தப்படுவார், கேட்காதே என்றும் தமயந்தி சொல்லி வைத்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் வார்த்தையைப் பொய்யாக்கி வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தென்றலைத் தெருமுனை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். என்னைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைத் தென்றலின் காதில் மாட்டி, மறுமுனையை என் மார்பில் வைத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டாள்.

"என்ன கேக்குது?"

"லப்டப்னு."

"அதுதான் நல்ல சத்தம். உங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல பாப்பா."

வரும் வழியில் காய்கறி வாங்கினேன்; பையைப் பிடுங்காமல் என்னிடமே விட்டுவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. தெருத் திரும்பும்போது கேட்டாள், "அப்ப அம்மா பொய் சொன்னாங்களா?"

"ஆமா."

கொஞ்சம் தூரம் நடந்தாள். "அப்ப நீ நல்லாத்தான் இருக்கியா? பின்ன ஏன் மத்த அப்பாங்க மாதிரி ஆபீஸ் போகல?"

இதுவரை அவள் இதைக் கேட்டதே இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான்தான் அவளுக்கு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், பின்னலிட்டேன். அவளுக்கு அது காற்று, தண்ணீர் மாதிரி. இப்போது அதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. நோய் என்ற காரணம் போனதும் வேறொரு காரணம்.

"எனக்கு வீட்ல இருக்கறது பிடிச்சிருக்குடா. நானும் அம்மாவும் பேசித்தான் இப்படி வச்சுக்கிட்டோம்."

"அதை ஸ்கூல்ல சொல்லலாமா?"

"சொல்லலாம்."

அவள் சொல்வாள் என்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தமயந்தியிடம் தென்றலே சொல்லிவிட்டாள். "நானே காதுல வச்சுக் கேட்டேன்" என்றாள். தமயந்தி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "நல்லதுதானே" என்றாள். பிறகு என்னிடம் தனியாக, "குழந்தையை இதுல இழுத்திருக்க வேண்டாம்" என்றாள்.

யார் இழுத்தது?

ஆகஸ்ட் 13, புதன்

இட்லிக்கு அரைத்தேன். மாவு பொங்கவில்லை. மழை.

ஆகஸ்ட் 20, புதன்

மதியம் பூங்கொடி கூப்பிட்டாள்.

"சாருங்களா? ரொம்ப சந்தோசமுங்க சார்! மேடம் இன்னைக்கு எல்லாத்துக்கும் ஸ்வீட் குடுத்தாங்க. இனி மருந்தே வேண்டாம்னு கோயமுத்தூர்ல பெரிய டாக்டரே சொல்லிட்டாராமே! நான் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தனுங்க."

நான் கோயம்புத்தூருக்குப் போனதே இல்லை.

"தங்கவேல் சார் அவர் மச்சான்கிட்டச் சொல்லி வெச்சிருக்காருங்க. ஜவுளிக் கம்பெனி, சாயப் பட்டறையில கெமிஸ்ட் வேலை. உங்க படிப்புக்குத் தக்கனதுன்னு மேடமே கேட்டு வெச்சாங்க. எப்ப வர்றீங்கன்னு சொன்னாப் போதும். இனி மேடமும் கொஞ்சம் அக்கடான்னு இருக்கலாமுங்க."

ஆக, இதுதான் அவள் சொன்ன பக்குவம். நோயைக் கொடுத்ததும் என்னைக் கேட்டு இல்லை. குணப்படுத்தியதும் என்னைக் கேட்டு இல்லை. வேலைக்கு அனுப்புவதும் என்னைக் கேட்டு இல்லை.

"பூங்கொடி, எனக்கு எந்த நோயும் வரலைம்மா" என்றேன். "எப்பவுமே வரல. நான் வீட்டைப் பாத்துக்கறேன். சமைக்கறேன், துவைக்கறேன், குழந்தையைப் பாத்துக்கறேன். ஆறு வருஷமா அதுதான் என் வேலை. அன்னைக்கு நீங்க வந்தப்ப குக்கர்ல கறி வச்சதும் நான்தான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப... ஒடம்பு நல்லா இருந்தேவா சார் வீட்ல இருந்தீங்க?"

"ஆமாம்மா."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "பாவமுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு நான் அருப்புக்கோட்டைக்கும் ஒரு போன் செய்தேன். மதினி எடுத்தார். அண்ணன் தூங்குகிறார் என்றார். சரி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தமயந்தி இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டாள். கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

"இன்னைக்கு ஆபீஸ் முழுக்க அதுதான் பேச்சு."

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏன் பொய் சொன்னீங்கன்னு கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. அதை ஒருத்தர்கூடக் கேக்கல." அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "இத்தனை வருஷம் எப்படி மேடம் பொறுத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. மானம் போயிரும்னுதான் மறைச்சிருக்காங்கன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. தங்கவேல் சார் கண்ணே கலங்கிட்டாரு."

கத்தியைக் கீழே வைத்தேன். "நீ என்ன சொன்ன?"

அவள் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தமயந்தி, நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

எனக்கு நோய் என்று அவள் சொன்னபோது பயத்தில் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். மைதானத்தில் சொன்னபோது கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். இன்று அவள் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்தது. உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் எழுந்து மூன்று பேருக்கும் சமைத்தேன். தென்றலுக்குத் தலை பின்னி, சாப்பாட்டைக் கட்டி, பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். தமயந்தியின் டப்பாவை மட்டும் கட்டவில்லை. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மேடைமேல் இருந்தன.

அவள் குளித்து, புடவை கட்டி, வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். எந்த மூடி எந்தக் கிண்ணத்துக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிய மூடியைக் குழம்புக் கிண்ணத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அது பொருந்தாது. பஸ் ஏறுவதற்குள் பை முழுக்கக் கொட்டிவிடும். இன்று வட்டார அலுவலகத்தில் கூட்டம் என்று வேறு சொல்லியிருந்தாள். பையில் அதற்கான காகிதங்கள் இருந்தன.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வர்றேன்" என்றாள். தலையாட்டினேன்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை.